கர்ப்பத்தடையும் உடல் பருமனும்

ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சிற்றூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் "பெண்களும் கர்ப்பத்தடையும்" என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாமும் போய் வழக்கம்போல் ஒன்றரை மணி நேரம் பேசினோம். பேசி முடித்ததும், சந்தேகமுள்ளவர்கள் கேட்கலாம் என்று கூட்டத் தலைவர் சொல்ல, பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் எழுந்து நின்று அடியிற்கண்டவாறு கேட்டார்:

"அய்யா, எனக்கு வயசு நாப்பத்திரண்டு. பிள்ளை வேண்டாம்னு மூணு வருஷமா, மூணு மாசத்துக்கு ஒரு தரம் ஊசி போட்டுக்கிறேன். முதல் ஊசி போடறப்போ ஆஸ்பத்திரியிலே நிறுத்துப் பார்த்தாங்க, அம்பத்திரண்டு கிலோ. போன வாரம் ரைஸ்மில் தராசிலே ஏறி நின்னேன், அறுபத்திமூணு. இது ஊசியாலயா, வயசாலயா, இல்லே எங்க மாமியார் சொல்றாப்போல அடைபட்ட ரத்தம் உடம்பிலே ஊறிப் போனதாலயா?"

இதற்கு நாம் சொன்ன பதிலை இப்போது எழுதவே வெட்கமாயிருக்கிறது. "அம்மா, ஊசி பிள்ளையைத்தான் தடுக்கும், சோற்றைத் தடுக்காது. உள்ளே போவதைக் குறைத்தால் வெளியே பருப்பது குறையும்" என்றோம். ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அந்த அம்மையார் மாத்திரம் சிரிக்கவுமில்லை, உட்காரவுமில்லை. "நான் என்ன சாப்பிடறேன்னு அய்யா பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நாம் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொன்னோம். கோயில் குருக்கள் செய்தால் புரட்டு என்போம், ஜோசியன் செய்தால் மோசடி என்போம். நாம் செய்ததற்கு மாத்திரம் பகுத்தறிவுப் பிரசாரம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா? அன்றிரவு ரயிலில் நமக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு இரண்டு மூன்று மாத காலம், தெரிந்த வைத்தியர்களைக் கேட்டும், கிடைத்த ஆராய்ச்சிகளைப் படித்தும் தெரிந்துகொண்டவைகளை அவ்வம்மையாருக்கு நேரில் போய்ச் சொன்னோம். அன்று நம்மோடு சேர்ந்து சிரித்தவர்களுக்கும் சொல்லவேண்டிய கடமை இருப்பதால் இதை எழுதுகின்றோம்.

நாம் ஏன் அப்படிப் பதில் சொன்னோம் என்பதற்கும் ஒரு காரணமுண்டு. கர்ப்பத்தடை என்ற பேச்சு எழுந்த நாள் முதல் அதன் மீது வைதிகர்கள் சுமத்தாத பழி இல்லை. குலம் அழியும் என்றார்கள். கற்பு கெடும் என்றார்கள். 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவுக்கே சென்று வாதித்தபோது, புலனடக்கமே வழி என்று காந்தியார் சாதித்தார். மற்ற சீர்திருத்தக்காரர்கள் நாட்டின் தரித்திரத்தையும் குடும்பச் சொத்தையும் உத்தேசித்துக் கர்ப்பத்தடையை ஆதரிக்க, பெண்கள் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தில் வற்புறுத்தினார். இவ்வளவு எதிர்ப்புக்கிடையில் பேசிப் பேசி, கர்ப்பத்தடை மருந்தின்மேல் யார் என்ன குறை சொன்னாலும், அது உண்மையா பொய்யா என்று பார்க்குமுன்பே மறுத்துவிடுகிற ஒரு வழக்கம் நம்மவர்களுக்கு வந்துவிட்டது. எதிரி சொன்னால் மறுப்பது ஒரு விதம். மருந்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டவள் சொல்லும்போது மறுப்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை?

இந்த வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கர்ப்பத்தடை மாத்திரை பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. அமெரிக்காவில் கிரெகரி பிங்கஸ், ஜான் ராக் என்கிற இருவர் அம்மாத்திரையை ஆராய்ந்து, 1956-இல் போர்ட்டோ ரிக்கோ தீவின் ஏழைப் பெண்களிடம் பரீட்சை நடத்தினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற லேடி டாக்டர், நூற்றுக்கு 17 பெண்களுக்குத் தலைச்சுற்றல், வாந்தி, தலைவலி, வயிற்றுவலி முதலிய தொல்லைகள் இருப்பதாகவும், பொதுஜனங்களுக்குக் கொடுக்க இது ஏற்றதல்லவென்றும் எழுதினார். பிங்கஸோ அவற்றில் பெரும்பாலானவை மனப்பிரமை என்று தள்ளிவிட்டார். 1960-இல் அமெரிக்க சர்க்கார் அம்மாத்திரையைக் கர்ப்பத்தடைக்கென்று அனுமதித்தது. அதில் இருந்த எஸ்ட்ரோஜன் சரக்கு 0.15 மில்லிகிராம். இன்று நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் "மாலா-என்" மாத்திரையிலுள்ளது 0.03 மில்லிகிராம். அதாவது அய்ந்திலொரு பங்கு போதுமான காரியத்துக்கு அப்பெண்கள் அய்ந்து பங்கை விழுங்கினார்கள். விழுங்கி வாந்தியெடுத்தவர்களுக்குக் கிடைத்த பதில் "பிரமை" என்பது. 1970-இல் அமெரிக்க செனட்டில் இம்மாத்திரையின் கெடுதிகளைப் பற்றி விசாரணை நடந்தபோது, சாட்சி சொன்னவர்களில் மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருத்திகூட இல்லை என்று பெண்கள் சபையிலேயே எழுந்து கூச்சல் போட்டார்கள். அதன்பின்தான் மாத்திரைப் பெட்டிக்குள் அபாயங்களைச் சொல்லும் துண்டுத்தாள் வந்தது. அந்தக் கூச்சலை வைத்தியசாஸ்திரத்துக்கு விரோதம் என்று அப்போது சொன்னவர்கள் உண்டு. எஸ்ட்ரோஜன் அளவு குறைந்ததற்கு இப்படிப்பட்ட புகார்களும் ஒரு காரணம் என்பதே உண்மை.

நிற்க, அம்மையாரின் மூன்று கேள்விகளுக்கு வருவோம். மாமியார் சொன்னதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏனெனில் இந்த நம்பிக்கை அந்த வீட்டில் மாத்திரமல்ல, பட்டணத்தில் படித்தவர்கள் வீட்டிலும் இருக்கிறது.

ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களில் பலருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தப்பி, பிறகு நின்றே போகிறது. ஒரு வருஷம் போட்டுக்கொண்டவர்களில் சுமார் பாதிப்பேருக்கு இப்படி ஆகும். "வரவேண்டிய கெட்ட ரத்தம் வரவில்லை, அது எங்கே போகும்? உடம்பில்தான் ஊறும், அதனால்தான் உடம்பு பருக்கிறது" என்பது மாமியார் வாதம். கேட்பதற்கு இது நியாயம்போலத் தோன்றும். மதகை அடைத்தால் ஏரி தளும்பும் அல்லவா? ஆனால் இந்த ஏரியில் தண்ணீரே வரவில்லை என்பதுதான் விஷயம். மாதாமாதம் கருப்பைக்குள்ளே, கரு வந்தால் தங்குவதற்கென்று ஒரு மெத்தைபோன்ற சவ்வு வளருகிறது. கரு வராவிட்டால் அந்தச் சவ்வு கழன்று ரத்தத்தோடு வெளியே வருகிறது. அதுதான் மாதவிலக்கு. அந்த ரத்தத்தில் கெட்டதுமில்லை, தீட்டுமில்லை; விரலில் கத்தி பட்டால் வரும் ரத்தம்தான் அதுவும். ஊசிமருந்தானது அந்த மெத்தை வளரவிடாமல் செய்துவிடுகிறது. வளராதது கழலுவது எப்படி? கழலாதது அடைபடுவது எப்படி? போடாத சோற்றுக்கு இலை எடுப்பார் உண்டா?

இந்தத் "தீட்டு ரத்தம்" என்ற எண்ணம் எவ்வளவு கெடுதி செய்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். மாதவிலக்கான பெண்ணை மூன்று நாள் மூலையில் உட்காரவைத்த அதே எண்ணம், மாதவிலக்கு நின்றவுடன் அவளை நோயாளியாக்குகிறது. வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம். நமது அம்மையாரை அவர் மாமியார் ஒரு மந்திரவாதியிடம் அழைத்துப்போய், வயிற்றைக் கட்டியிருக்கிற ஏதோ ஒன்றை அவிழ்ப்பதற்கென்று ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்தப் பணத்தில் அவசியமான ரத்தப் பரிசோதனைகளை மூன்று தடவை செய்திருக்கலாம்.

இனி, "ஊசியாலயா?" என்ற கேள்வி. இங்கேதான் நாம் தவறினோம். கர்ப்பத்தடை மருந்து என்றால் எல்லாம் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்றல்ல. தினமும் சாப்பிடும் கூட்டு மாத்திரையில் எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹார்மோன் சரக்குகள் சேர்ந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஊசியிலோ மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற ஒரே சரக்கு, ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம் உள்ளே போய், மெள்ள மெள்ளக் கரைகிறது. 2017 முதல் நம் நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் "அந்தரா" என்ற பெயரில் இது கொடுக்கப்படுகிறது. ஹார்மோன் சரக்கே இல்லாமல், கருப்பைக்குள் வைக்கும் செம்புக்கம்பிச் சாதனம் ஒன்று உண்டு. அதைக் காப்பர்-டி என்று எல்லோருக்கும் தெரியும்.

கூட்டு மாத்திரை சாப்பிட்டால் உடம்பு பருக்குமா என்பதைப் பற்றிய 49 பரிசோதனைகளை 2014-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் நாலில் மாத்திரம், ஒரு கூட்டத்துக்கு மருந்தும் இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத சும்மா மாத்திரையோ, அல்லது ஒன்றுமே கொடாமலோ வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் மாத்திரையால் எடை கூடுவதாகத் தெரியவில்லை. மற்றப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்து, துல்லியமாகச் சொல்லச் சாட்சியம் போதாதென்றும், பெரிய விளைவு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லையென்றும் முடிவு சொன்னார்கள். சிலருக்கு ஆரம்பத்தில் நீர் கோத்து ஒன்றிரண்டு கிலோ ஏறுவதுண்டு.

ஆனால் ஊசியின் கதை வேறு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் சுமார் எழுநூறு பெண்களை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரி 5.1 கிலோ ஏறியிருக்கிறது. அதில் பெரும்பகுதி நீரல்ல, சதையல்ல, கொழுப்பு. கூட்டு மாத்திரை சாப்பிட்டவர்களோ, ஹார்மோன் இல்லாத முறையைக் கைக்கொண்டவர்களைவிட அதிகமாகப் பருக்கவில்லை. மருந்து பசியை அதிகமாக்குவதாலிருக்கலாம் என்பது பல வைத்தியர்களின் எண்ணம். மேலும், முதல் ஆறு மாதத்துக்குள் தன் எடையில் நூற்றுக்கு அய்ந்துக்கு மேல் ஏறிவிடுகிறவர்களுக்குத்தான் மேற்கொண்டும் ஏறிக்கொண்டே போகிறதென்பதும் தெரிந்திருக்கிறது. அம்பத்திரண்டு கிலோ உள்ளவருக்கு இது சுமார் இரண்டரைக் கிலோ. ஆகவே, ஒவ்வொரு ஊசியின்போதும் ஒரு தடவை தராசில் நிறுத்தியிருந்தால், இரண்டாவது மூன்றாவது ஊசியிலேயே விஷயம் வெளிப்பட்டிருக்கும். அம்மையாருக்கு மூன்று வருஷத்தில் பன்னிரண்டு ஊசி போட்டிருக்கிறார்கள். முதல் நாளுக்குப் பிறகு ஒருநாள்கூட நிறுக்கவில்லை. தராசு அதே அறையில்தான் இருந்ததாம். நெல்லை நிறுக்கிற தராசில் ஏறித்தான் ஒரு பெண் தன் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்படியானால் பதினொரு கிலோவும் ஊசியால்தானா? இதற்கும் அவசரப்பட்டு "ஆம்" என்று சொல்லிவிடக்கூடாது. ஆப்பிரிக்காவில் தென்னாப்பிரிக்கா, கென்யா, ஸாம்பியா, எஸ்வாட்டினி ஆகிய நான்கு நாடுகளில், 2015 முதல் 2018 வரை, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சீட்டுப் போட்டு மூன்று கூட்டமாகப் பிரித்து ஒரு பரிசோதனை நடந்தது. சுமார் ஒன்றேகால் வருஷத்தில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சராசரி 3.5 கிலோவும், கைத்தோலுக்கடியில் மருந்துக்குச்சி வைத்துக்கொண்டவர்களுக்கு 2.4 கிலோவும் ஏறின. காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களுக்கு? அவர்களுக்கும் 1.5 கிலோ ஏறியிருக்கிறது! செம்புக்கம்பியில் கொழுப்பு ஏது, ஹார்மோன் ஏது? அந்த ஒன்றரைக் கிலோ, எந்த மருந்துமில்லாமலே ஏறக்கூடியது. ஆகவே ஊசிக்காரர்களுக்கு ஏறிய மூன்றரையில் ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஊசியின் கணக்கு. (இவ்விரண்டு இடத்திலும் பார்க்கப்பட்டவர்கள் இளவயதுப் பெண்கள் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.)

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டமில்லாமல் தீர்ப்புச் சொல்கிறவன் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் கண்டு காகத்துக்குப் பழக்கூலி கேட்கிறவன் ஆவான். ஜோசியன் பிழைப்பது இதில்தான். பெயர்ச்சிக்குப் பிறகு கஷ்டம் வந்தது, ஆகையால் பெயர்ச்சியால் வந்தது என்பான். மாத்திரை சாப்பிட்ட பிறகு பருத்தேன், ஆகையால் மாத்திரையால் பருத்தேன் என்பதும் அந்த ஜாதி வாதம்தான். சந்தேகப்படுவதற்கு அது காரணமாகலாம். தீர்ப்புக்குப் போதாது.

நம் தமிழ்நாட்டுக் கணக்கையே பார்க்கலாம். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40.4 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். இந்நாட்டுப் பெண்களில் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கல்யாணமானவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருக்குழாயைக் கட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதில் ஹார்மோன் மருந்து ஏதுமில்லை. அதே கணக்கெடுப்பில் ஆண்களில் நூற்றுக்கு 37 பேர் பருத்திருக்கிறார்கள். இவர்கள் எந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள் என்று கேட்கின்றோம். ஆண் தொந்தி வைத்தால் "வசதி வந்துவிட்டது" என்கிறோம். பெண்ணுக்கு இடுப்பு பெருத்தால் என்ன பாவம் செய்தாளோ என்று மருந்திலும் மாந்திரீகத்திலும் காரணம் தேடுகிறோம்.

வயதென்ற காரணத்துக்கும் பங்குண்டு. நாற்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, மருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், வருஷத்துக்குச் சுமார் அரைக் கிலோ ஏறுவதாகப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வயது ஏற ஏறத் தசைநார் குறைகிறது. அதனால் உடம்பு எரிக்கும் சக்தியும் குறைகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிரந்தரமாக நிற்பது சராசரி நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். அதற்குச் சில வருஷம் முன்பிருந்தே எஸ்ட்ரோஜன் ஏறியிறங்கிக் குறைய, தொடையிலும் இடுப்பிலும் இருக்கும் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தூக்கம் கெடுகிறது. ஊசியால் மாதவிலக்கு நின்றிருக்கும் பெண்ணுக்கோ, இந்த வயது மாற்றம் வந்துவிட்டதா இல்லையா என்பதே தெரியாமல் மறைந்துவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றி நாம் பேச யோக்கியதையிழந்தவர்கள் ஆனாலும், அம்மையாரே பிற்பாடு சொன்ன ஒன்றை எழுதுகின்றோம். வீட்டில் எல்லோரும் தின்றபின் பத்து மணிக்கு, குழம்பில் காயெல்லாம் அரித்தெடுக்கப்பட்ட பிறகு, மிஞ்சிய சோற்றையும் பிள்ளைகள் தட்டில் ஒதுக்கியதையும் "வீணாகப் போகிறதே" என்று தின்பது அவர் வழக்கமாம். காய்க்கும் பருப்புக்கும் முட்டைக்கும் முதல் பந்தி ஆண்கள். வெறும் சோற்றுக்குக் கடைசிப் பந்தி பெண்கள். இதைப் பெருந்தீனி என்று சொல்ல எவனுக்கு நாக்கு வரும்? பெண்ணைக் கடைசியில் உண்ணச் சொன்ன தர்மம் அவள் இடுப்பிலும் போய் உட்கார்ந்திருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

இவ்வளவும் கூட்டினாலும் பதினொரு கிலோவுக்குக் கணக்கு வரவில்லை. ஆகவே நாம் அவரை ஒரு லேடி டாக்டரிடம் போகச் சொன்னோம். அந்த டாக்டர் முதலில் கேட்டது, என்ன சாப்பிடுகிறாய் என்றல்ல. மலச்சிக்கல் உண்டா, தலைமயிர் கொட்டுகிறதா, தோல் வறண்டிருக்கிறதா, மற்றவர்களுக்குப் புழுக்கமாயிருக்கும்போது உனக்குக் குளிருகிறதா, பகலெல்லாம் அசதியா என்று கேட்டாராம். எல்லாவற்றுக்கும் ஆம் என்றே அம்மையார் சொன்னார். அசதி என்று சொன்னால் சோம்பேறி என்பார்கள் என்று அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையில், கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேலை குறைந்திருப்பது தெரிந்தது.

இந்தத் தைராய்டு விஷயம் ஒரு நல்ல பாடம். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், உடம்பு வீங்கி, புத்தி மந்தித்து, குளிரால் நடுங்கிக்கொண்டிருந்த நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்திக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி போட்டார். அவள் எழுந்து நடமாடி, எழுபத்துநாலு வயது வரை, 1919 வரை உயிரோடிருந்தாள். அந்த இருபத்தெட்டு வருஷத்துக்கு 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி அவளுக்குச் செலவாயிற்று. நம் ஊர்களில் மாரியம்மனுக்கும் முனியனுக்கும் வெட்டிய ஆடுகளுக்குக் கணக்கில்லை. அவைகளால் எந்தப் பெண்ணுக்கு வீக்கம் வடிந்தது? இன்று ஆடும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை. ஆனால் இதையும் பெரிதாக்கிவிடக்கூடாது. தைராய்டு குறைவால் ஏறும் எடை பொதுவாகச் சில கிலோதான். அதிலும் உப்பும் நீரும் அதிகம்.

எடை ஏறும் பெண் டாக்டரிடம் சொல்லவேண்டியவை இன்னும் சில உண்டு. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் சிலர் விற்கிற பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். முகம் நிலாப்போல் உருண்டு வயிறு பருப்பது அதனாலும் வரும். பைத்தியத்துக்கும் வலிப்புக்கும் நீரிழிவுக்கும் கொடுக்கும் சில நல்ல மருந்துகளும் எடையை ஏற்றும். கை கால் மெலிந்து வயிறு மாத்திரம் பெருத்தால் அதைக் கொழுப்பென்று நினைக்கவே கூடாது. நீரோ, சூலகத்தில் கட்டியோ இருக்கலாம், உடனே பார்க்கவேண்டும். ஊசி போடுவதில் நாள் தவறியிருந்தால் கர்ப்பமா என்றும் பார்க்கவேண்டும். கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு ஒரு காலின் ஆடுசதை மாத்திரம் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சடைத்தாலோ, அது ரத்தக்கட்டி. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியது. முப்பத்தைந்துக்கு மேற்பட்டுப் புகைபிடிப்பவர்களுக்கும், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும், கண்ணில் மின்னல்போல் தோன்றி ஒற்றைத் தலைவலி வருகிறவர்களுக்கும் கூட்டு மாத்திரை ஆகாது.

நாம் எல்லாவற்றிலும் பயப்படுவது வேறொன்றுக்கு. இதைப் படித்துவிட்டு யாராவது ஒரு சகோதரி, "ஊசியால் பருக்குமாம்" என்று நாளைக்கே நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டால், நாற்பத்துமூன்றாம் வயதில் பிரசவம் வரும். ஊசியை நிறுத்தியபின் கரு தரிக்கச் சராசரி பத்து மாதம் போலாகும் என்பது மெய்தான்; ஆனால் சராசரியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஒன்றை நிறுத்துமுன் இன்னொன்றைக் கைக்கொள்ள வேண்டும். காப்பர்-டியில் ஒரு தடவை வைத்தால் பத்து வருஷம் நிற்கும் வகையும் உண்டு. லக்னோவில் நம்மவர்களே கண்டுபிடித்த சென்ட்குரோமன் மாத்திரையில் ஹார்மோன் சரக்கு கிடையாது. 2016 முதல் "சாயா" என்ற பெயரில் சர்க்காரும் கொடுக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. அய்ம்பது வயதுக்குள் மாதவிலக்கு நின்றவர்கள் இரண்டு வருஷமும், அய்ம்பதுக்கு மேல் நின்றவர்கள் ஒரு வருஷமும் வரை தடையை விடக்கூடாது.

ஊசி வேண்டாமென்றும் நாம் சொல்லவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் கர்ப்பத்தைத் தடுத்துக்கொள்ள வேண்டிய நிலையில் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே விடுதலை. அவர்களுக்கு உண்மையைச் சொல்லிப் போடவேண்டும், நிறுத்துப் போடவேண்டும் என்பதே நமது வாதம்.

அம்மையாரின் கதைக்கு வருவோம். அவர் ஊசியை நிறுத்திக் காப்பர்-டி வைத்துக்கொண்டார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். பிள்ளைகளோடு சேர்ந்து எட்டு மணிக்கே உண்ணுகிறார். மாமியார் இதற்கு இரண்டு வாரம் பேசாமலிருந்தாராம். ஒரு வருஷத்தில் எடை அறுபத்திமூன்றிலிருந்து அம்பத்தொன்பதாயிற்று. "பதினைந்து நாளில் பதினைந்து கிலோ" என்று பொடி விற்கிற விளம்பரக்காரனுக்கு இது கேலியாகத் தோன்றும். போன நாலு கிலோவில் ஊசிக்கு எவ்வளவு, தைராய்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அம்பத்திரண்டு திரும்பி வரவில்லை, வராமலும் போகலாம். அசதி போய்விட்டது, அதுவே போதும் என்கிறார் அம்மையார்.

இதில் ஒன்றை விட்டுவிட்டோம். அன்றைக்குக் கூட்டத் தலைமை வகித்து, நம்மோடு சேர்ந்து சிரித்தவர் அவருடைய வாழ்க்கைத் துணைவர்தான் என்பது இரண்டாவது தடவை போனபோதுதான் நமக்குத் தெரிந்தது. நல்ல தோழர்; பல வருஷமாய் இயக்கத்திலிருப்பவர்; குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி நம்மைவிட நன்றாகப் பேசுவார். காப்பர்-டி வைத்துக்கொள்வதற்கு முந்தின நாள் அம்மையார் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாராம்: "மாத்திரை, ஊசி, கம்பி எல்லாம் என் உடம்புக்கே தானா? ஆம்பளைக்குக் கத்தியும் தையலும்கூட இல்லாத ஆபரேஷன், பத்துப் பதினைந்து நிமிஷ வேலைன்னு மேடையிலே சொல்றீங்களே, அது யாருக்கு?" மேலே சொன்ன அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும், ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 37.9, அதைச் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு 0.3. இந்த எண்ணைத் தோழரிடம் நாமும் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வருஷமாகிறது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.